இனிஷியலும் பரம்பரையும்

மேல்நாட்டார் தங்கள் விளையாட்டு வீரர்களைப் பற்றிக் கலைக்களஞ்சியம் தொகுக்கும்போது, ஒரே குடும்பப் பெயரைத் தாங்கியவர்களையெல்லாம் ஒரு பக்கத்தில் வரிசையாக நிறுத்தி, இவர் பந்தாட்டக்காரர், இவர் அவருக்குப் பயிற்சியளித்த சிற்றப்பா, இவர் அவ்விருவருக்கும் எவ்வித உறவுமில்லாத ஓட்டக்காரர் என்று பிரித்துக் காட்டுவது வழக்கம். ஜோன்ஸ் என்றும் ஸ்மித் என்றும் தலைப்பிட்ட அத்தகைய பக்கங்களைப் புரட்டும் தமிழனுக்கு, நம்மவர்களையும் இப்படி அடுக்கிப் பார்த்தால் என்ன என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால் இராயபுரம் தொட்டுக் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில், துறைமுகச் சுவரையும் ஆலைப் புகைபோக்கிகளையும் ஒட்டி வாழும் ஜனசமூகத்தில் பிறந்து, குத்துச்சண்டையிலும் கேரத்திலும் கால்பந்திலும் பேர் வாங்கியவர்களை அவ்விதம் அடுக்க முற்படுகிறவர் முதல் வரியிலேயே திகைத்து நின்றுவிடுவார். ஏனெனில் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. உள்ளது ஓர் இனிஷியல். அதுவும் தந்தையிடமிருந்து வந்து, ஒரே தலைமுறையோடு விடைபெற்றுக்கொள்வது.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ஆட்டக்களங்களில் பட்டங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னைக் கிரிக்கெட்டின் பிதாமகரென்று போற்றப்படும் புச்சிபாபு, நாயுடு என்ற பட்டத்தோடேயே அறியப்பட்டவர். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரின் வாலாகச் சாதிப் பட்டத்தைச் சேர்க்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டுமென்று தீர்மானம் செய்தது. அதன்பின் வந்த தலைமுறைகளில் பட்டம் உதிர்ந்து, தந்தையின் முதலெழுத்தும் தன் பெயருமே எஞ்சி நின்றன. வட சென்னையைப் பொறுத்தமட்டில் அது பெருந்தியாகம் என்று சொல்வதற்கில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனையும், மில்லில் தறி ஓட்டியவனையும், விடியற்காலையில் கட்டுமரம் தள்ளியவனையும் பட்டமிட்டு அழைத்த மரியாதை எந்நாளும் இருந்ததில்லை. ஆலையில் இரண்டு முருகன்கள் இருந்தால் டோக்கன் நம்பரால் பிரித்தார்கள். தெருவில் இரண்டு அந்தோணிகள் இருந்தால் 'பாக்ஸர்' அந்தோணி, 'லேத்து' அந்தோணி என்று கைத்தொழிலால் பிரித்தார்கள். வாழ்க்கை நடந்தது.

தொல்லை தொடங்குவது படிவத்தில்தான். தெரு மன்றத்திலும் மாவட்டப் போட்டியிலும் 'எஸ். குமார்' என்றே பெயர் கொடுத்து ஆடிவந்த திருவொற்றியூர்ப் பையன் ஒருவன் அயல்நாட்டுப் போட்டிக்குத் தேர்வாகிறான் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டு விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் காத்திருக்கிறது. அதைக் காலியாக விட்டால் விசா கொடுக்கும் இடத்தில் வம்பு வருமென்று டிராவல் ஏஜென்டு அச்சுறுத்துகிறார். பையன் ஒரு கணம் யோசித்துவிட்டு, தகப்பனார் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறான். அன்று தொடங்கி, சட்டையின் முதுகிலும் மின்பலகையிலும் வர்ணனையாளரின் வாயிலும் அவன் தகப்பனாரே ஓடுகிறார், குதிக்கிறார், கால் சுளுக்கி வெளியேறுகிறார். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ், 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்ட் கோஸ்டிலும் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது, உலகம் வாழ்த்தியது 'சிவலிங்க'த்தை. தந்தையாரான சிவலிங்கமும் தேசிய அளவில் பளு தூக்கியவரென்பதால், பதக்கம் எந்தத் தலைமுறைக்கு உரியதென்று பிற்கால ஆராய்ச்சியாளன் ஒருவன் மயங்கினால் அவனைக் குறைகூற இயலாது. விசுவநாதன் ஆனந்த் விஷயத்தில் இதற்கு நேர்மாறான விபரீதம் நிகழ்ந்தது: முன்னால் நிற்பதே சொந்தப் பெயர் என்று எண்ணிய அந்நியர்கள், தந்தையின் பெயரைச் சுருக்கி 'விஷி' என்று மகனுக்குச் செல்லப் பெயர் சூட்டினர்; ஆனந்தும் பெருந்தன்மையோடு அதை ஏற்று, அப்பெயராலேயே ஐந்து முறை உலக சாம்பியன் பட்டத்தைத் தாங்கினார்.

இக்குழப்பத்தின் முழு விசேஷத்தையும் அனுபவிக்க விரும்புகிறவர் சென்னையின் டென்னிஸ் குடும்பம் ஒன்றைத்தான் நாடவேண்டும். டி.கே. ராமநாதன் என்பவர் தாமும் நன்றாக ஆடியவர். தம் மகனுக்குத் தாமே ஆசானாக அமர்ந்து ஆட்டம் பயிற்றியவர். அந்த மகன் 1954-இல் விம்பிள்டனில் சிறுவர் பட்டத்தை வென்று, 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் அங்கே ஆடவர் அரையிறுதி வரை சென்று, 1966-இல் டேவிஸ் கோப்பையின் இறுதியாட்டத்திற்கு இந்தியாவை இட்டுச்சென்ற கிருஷ்ணன். தமிழ்க் கணக்குப்படி அவர் ஆர். கிருஷ்ணன், மேல்நாட்டுக் கணக்கிலோ, தந்தையின் பெயர் சொந்தப் பெயராகவும் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகவும் இடம் மாறி, ராமநாதன் கிருஷ்ணன் ஆனார். அவருடைய மகன் ரமேஷ். தமிழ் மரபில் அவர் கே. ரமேஷ் ஆகவேண்டியவர். ஆனால் உலகம் ஏற்கெனவே கிருஷ்ணன் என்ற குடும்பப் பெயரைச் சிருஷ்டித்துவிட்டபடியால் ரமேஷ் கிருஷ்ணனாகி, 1979-இல் தந்தை வென்ற அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைத் தாமும் வென்று, 1987-இல் தந்தையைப் போலவே டேவிஸ் கோப்பையின் இறுதியாட்டத்திலும் ஆடினார். ஆகவே முதலெழுத்து மாத்திரம் அச்சிடும் பழைய ஆட்டப் பட்டியல்களில் தந்தையும் 'ஆர். கிருஷ்ணன்', மகனும் 'ஆர். கிருஷ்ணன்'. பாட்டனாரையும் மகனையும் இணைக்கும் பெயர் ஒன்று, மகனையும் பேரனையும் இணைக்கும் பெயர் வேறு. மூவரையும் சேர்த்துக் கட்டும் பெயர் எதுவுமில்லை, மூவரையும் சேர்த்துக் கட்டியது அந்த ஆட்டமும் அதைக் கற்பித்த கையுமே. போதாக்குறைக்கு, இவர்களுக்கு உறவில்லாத ராம்குமார் ராமநாதன் என்னும் சென்னை இளைஞர் பிற்காலத்தில் டேவிஸ் கோப்பை அணியில் வந்து சேர்ந்தார். நல்ல வேளையாக, அமிர்தராஜ் சகோதரர்கள் மூவரும் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகவே ஸ்திரப்படுத்திக்கொண்டு, அடுத்த தலைமுறைக்கும் அதைக் கொடுத்து நமக்குச் சிரமம் வைக்காமல் போனார்கள்.

சதுரங்கத்தில் இன்னும் ஸ்வாரஸ்யம். உலகில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் அண்ணன்-தங்கையாக அல்ல, முதல் அக்காள்-தம்பியாக வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் 2023-இன் இறுதியில் விளங்கினார்கள். வயதில் இளைய தம்பி முதலில் பட்டம் பெற்றதால் 'அண்ணன்' என்று சொல்லத் தோன்றிவிடுகிறது. அவர்கள் தந்தையின் பெயர் ரமேஷ்பாபு. அவர்கள் பயிற்சியாளரின் பெயர் ஆர்.பி. ரமேஷ். அந்நிய நாட்டு நிருபர் எவரேனும் பயிற்சியாளரைத் தாய்மாமனாகவோ சிற்றப்பனாகவோ பாவித்து எழுதினால் வியப்பதற்கில்லை. ஆயினும் இத்துறையில் ஒரு நல்ல முன்மாதிரி தோன்றியிருப்பதை நம் பத்திரிகைகள் கவனித்ததாகத் தெரியவில்லை. உலகச் சதுரங்க சம்மேளனம் தன் தரவரிசைப் பட்டியலில் 'பிரக்ஞானந்தா ஆர்' என்றும், 2024-இல் சிங்கப்பூரில் டிங் லிரேனை வென்று உலக சாம்பியன் ஆனவரைக் 'குகேஷ் டி' என்றும் அச்சிடுகிறது. தோற்றவர் பெயரிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு: டிங் என்பது சீனர் முறைப்படி முன்னால் நிற்கும் வம்சப் பெயர், அதைப் பின்னால் தள்ளிவிட வேண்டுமென்று எந்த நடுவரும் வற்புறுத்தியதில்லை. சீனர் பிடிவாதமாக இருந்தார்கள், உலகம் கற்றுக்கொண்டது. நாம் படிவத்தைக் கண்டவுடனே பணிந்துபோனோம்.

இனிஷியல் என்பது ஏதோ குறைபட்ட ஜாதியாரின் ஏற்பாடு என்று நம்மில் சில படித்தவர்களுக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. அவர்கள் வேல்ஸ் தேசத்துச் சரித்திரத்தைச் சற்றுப் பார்க்கவேண்டும். நிலக்கரிச் சுரங்கமும் துறைமுகமுமாக உழைத்து வாழ்ந்த அந்நாட்டில் ஜனங்கள் அநேகர், குடும்பப் பெயர்களோ சொற்பம்; ஆகவே கிராமத்தில் ஐந்து ஜோன்ஸ்கள் இருந்தால் பால்கார ஜோன்ஸ், தபால்கார ஜோன்ஸ் என்று நம் தெரு வழக்கம் போலவே பிரித்துக்கொண்டார்கள். 1970களில் அந்நாட்டு ரக்பி அணியில் ஜான் வில்லியம்ஸ் என்ற பெயருடைய இருவர் ஒரே சமயத்தில் ஆட நேர்ந்தது. ஒருவர் வைத்தியர், ஜே.பி.ஆர். வில்லியம்ஸ், மற்றவர் ஜே.ஜே. வில்லியம்ஸ். இரசிகர்கள் குடும்பப் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு 'ஜே.பி.ஆர்.' என்றும் 'ஜே.ஜே.' என்றுமே கூவினார்கள். குடும்பப் பெயர் உடைய தேசமே, அது பயன்படாத நெருக்கடியில், முதலெழுத்துகளைத் தேடிவந்த கதை இது. நம் நாட்டிலும் அதே காலத்தைத் தொடர்ந்து ஒரு சம்பவம் உண்டு: 1990களில் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடிய விஜயன்கள் இருவர்; ஒருவர் கேரளத்து ஐ.எம். விஜயன், மற்றவர் நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன். 'விஜயன்' என்று மட்டும் எழுதிய பத்திரிகைகள் எந்த விஜயன் கோல் போட்டார் என்பதை வாசகனின் ஊகத்துக்கு விட்டுவிட்டன. பெயருக்கு முன்னால் நின்றவையே இருவரையும் காப்பாற்றின.

ஐஸ்லாந்து தீவினரின் ஏற்பாடு நம்முடையதற்கு இன்னும் நெருக்கம். அங்கேயும் தந்தையின் பெயரோடு மகன் என்னும் பொருள்பட ஒரு விகுதியைச் சேர்த்துத்தான் பெரும்பாலும் ஆண்பிள்ளையின் பெயர் முடிகிறது. டெலிபோன் புத்தகத்தில்கூட அவரவர் சொந்தப் பெயர் வரிசையில்தான் தேடவேண்டியிருந்தது. 2016-இல் அவர்கள் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் இங்கிலாந்தைத் தோற்கடித்தபோது, ஏறத்தாழ எல்லா வீரர்களின் முதுகிலும், அவர்களுடைய பயிற்சியாளர்களில் ஒருவரான ஹெய்மிர் ஹால்கிரிம்சனின் பெயரிலும் அதே விகுதி ஒலிக்கக் கண்டு, இதென்ன ஒரே குடும்பமா என்று கேட்டவர்களும் உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வட சென்னைக்குத் திரும்புகிறேன். ஏனெனில் வீரனும் அவனுடைய ஆசானும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லையென்று மேலே சொன்னவற்றிலிருந்து தோன்றினால், அதற்கு மகத்தான விலக்கு ஒன்று இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்காரப் படைவீரர்களும் கப்பல்காரர்களும் கொண்டுவந்த ஆங்கிலக் குத்துச்சண்டையை இப்பகுதியின் உழைப்பாளி ஜனங்கள் கற்றுக்கொண்டு, தங்களுடைய சொந்த வித்தையாகவே அதை வளர்த்தபோது, கற்பித்தவரைச் சுற்றிக் குழுக்கள் திரண்டன. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று அவற்றுக்குப் பெயர். பரம்பரை என்றால் இரத்தத்தால் வருவதென்று அகராதி நினைக்கட்டும்; இங்கே அது கையுறை மாட்டிவிட்ட வாத்தியாரால் வந்தது. மீனவர் வீட்டுப் பிள்ளையும், ரிக்ஷா இழுத்தவர் மகனும், மாதா கோவிலுக்குப் போகிறவனும், மசூதிக்குப் போகிறவனும், சேரியில் பிறந்தவனும் ஒரு வாத்தியாரிடம் சேர்ந்த நாள்முதல் அப்பரம்பரையைச் சேர்ந்தவனானான். அவனுடைய வெற்றி பரம்பரையின் வெற்றி. அவனுடைய தோல்வியோ, அடுத்த சண்டை வரையில் அத்தெருவே தலைகுனிந்து நடப்பதற்குப் போதுமான காரணம்.

இந்த ஏற்பாட்டில் வாத்தியாரின் ஸ்தானம் எத்தகையதென்பதை வெளியூரார் அறிவது அருமை. பகலெல்லாம் துறைமுகத்திலோ மில்லிலோ ஷிப்டு பார்த்துவிட்டு வந்த மனிதர், சாயங்காலம் வீட்டு முற்றத்தில் தொங்கவிட்ட மணல் மூட்டையருகே நின்று, பையன்களின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். கையைப் பார்ப்பவன் இரசிகன், காலைப் பார்ப்பவர் வாத்தியார். இடதுகால் அரை அடி முன்னுக்கு வந்துவிட்டால் சிலம்பக் கழியால் ஒரு தட்டு. கீழே போடும் மணல் கடற்கரை மணல், ஓடுவதும் கடற்கரை மணலில்தான், ஈரம் காயாத பாகத்தில் அல்ல, கால் புதையும் உலர்ந்த பாகத்தில். கட்டணம் என்று ஒன்று கிடையாது. சண்டை அமைந்து பணம் வந்தால் வாத்தியாருக்கு வேட்டி துண்டு. எதிர்ப் பரம்பரையில் யார் எப்படி அடிப்பான், யாருக்கு இடதுகை பலம், யாருக்கு மூன்றாவது ரவுண்டில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அவருடைய ஞாபகத்தில் இருக்கும், ஏட்டில் ஏறியதில்லை. 1940களில் சார்பட்டாவின் கித்தேரி முத்து, நாட் டெர்ரி என்ற வீரரை வீழ்த்தியதையும், அதற்காகப் பெரியார் அவரைத் 'திராவிட வீரன்' என்று பாராட்டியதையும் இப்பகுதி முதியோர் இன்றும் நேரில் கண்டதுபோல் சொல்லக் கேட்கலாம். பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021-இல் வெளிவந்த பின்னரே தமிழ்நாட்டின் மற்றப் பாகத்தார் இப்படியொன்று இருந்ததென்பதை அறிந்தார்கள். ரங்கன் வாத்தியார் என்ற பாத்திரத்தைக் கற்பனையென்று அவர்கள் இரசித்தார்கள். இராயபுரத்தில் அவரைப் பார்த்து, நம்ம தெரு வாத்தியார் மாதிரியே இருக்கிறார் என்றார்கள்.

பெயரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமைக்காக உலகிலேயே அதிகம் போராடிய குத்துச்சண்டை வீரர் இந்நகரத்துக்கும் வந்திருக்கிறார். காஷியஸ் கிளே என்ற பெயர் கென்டக்கியில் அடிமை முறையை எதிர்த்த வெள்ளைக்காரப் பிரமுகர் ஒருவருடையது. அது தம் முன்னோரின் அடிமைத்தனத்தின் சின்னமென்று கருதி 1964-இல் அதைத் துறந்து முகமது அலி ஆனவரை, பத்திரிகைகள் பல வருஷங்கள் பழைய பெயராலேயே எழுதிவந்தன. 1967-இல் எர்னி டெரல் என்பவர் வேண்டுமென்றே 'கிளே' என்று அழைத்துவிட்டு மேடையேறியபோது, ஒவ்வொரு குத்துக்கும் இடையே, என் பெயர் என்னவென்று அலி கேட்டுக் கேட்டு அடித்தது உலகப் பிரசித்தம். அந்த அலி 1980-இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை நடத்தினார், முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் அங்கிருந்தார். குடும்பப் பெயரை உதறிவிட்டு வந்த மனிதரைப் பார்க்க, குடும்பப் பெயரே இல்லாத ஜனங்கள் வட சென்னையிலிருந்து திரளாகப் போயிருப்பார்கள் என்று நினைக்கையில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகிறது.

குத்துச்சண்டையின் புகழ் மங்கிய காலத்திலும் இப்பகுதியின் ஆட்ட மரபு அறுந்துவிடவில்லை. அது சந்துகளுக்குள் நுழைந்து கேரம் போர்டின் மேல் ஏறிக்கொண்டது. பழைய டிரம் ஒன்றின் மீது பலகை, பலகையின் நடுவே தாழத் தொங்கும் ஒற்றை பல்பு, அதைச் சுற்றித் தகரக் குடை, உள்ளங்கையில் பவுடர். சுற்றி நிற்பவர்களில் ஒருவனாவது, ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போடத் தெரியாதவனைப் பார்த்து நாக்குச் சப்புக்கொட்டாமல் இருக்கமாட்டான். இத்தகைய சூழலிலிருந்து எழுந்தவர்தான் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியனாகி, அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம். அவருடைய பெயரில் வம்சம் இல்லை. மாதா கோவில் பக்தியே பெயராக நிற்கிறது. இராயப்பர் பெயரால் ஊரே அழைக்கப்படும் பகுதியில் அது பொருத்தமும் ஆகும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றுவந்த எம். காசிமா, புது வண்ணாரப்பேட்டைப் பக்கத்துச் செரியன் நகர்க்காரர், ஆட்டோ ஓட்டுபவரின் மகள். இருவரையும் ஒரு கலைக்களஞ்சியப் பக்கத்தில் சேர்க்க எந்தக் குடும்பப் பெயரும் உதவாது. ஒரே வட்டாரத்தின் பலகைகளில் பழகிய விரல்கள் என்பதுதான் உறவு.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்ட பெண், மணமானபின் கணவர் பெயரை அவ்விடத்தில் வைக்கும்போது, அவளுடைய சாதனைகள் இரண்டு பேர்களின் சாதனைகளாகப் பிளந்துபோகின்றன. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை ஓடியவர் ஷைனி ஆபிரகாம். 1992-இல் பார்சிலோனாவில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவர் ஷைனி வில்சன். இருவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியுமென்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. சொந்தப் பெயரை முதன்மையாக வைத்துப் பதிவு செய்திருந்தால் இந்தப் பிளவே நேர்ந்திராது.

பரம்பரையைப் புகழ்ந்து எழுதினேன். அதன் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. பரம்பரைப் போட்டி மேடையோடு நின்ற காலமும் உண்டு, மேடையிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்து இரத்தம் சிந்திய காலமும் உண்டு. கையில் வலிமையும் பையில் வறுமையும் உள்ள இளைஞர்களை அரசியல்வாதிகளும் கள்ளச்சாராய முதலாளிகளும் தங்கள் காவலுக்கு இழுத்துக்கொண்டது வட சென்னை அறிந்த சோகம். சாதிப் பட்டத்தை ஒழித்த நாட்டில் நாயக்கர் என்றும் செட்டியார் என்றும் பரம்பரைக்குப் பெயர் வைத்துக் கொண்டாடுவது தகுமா என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் முழுமையான விடையில்லை. ஒன்று மாத்திரம் சொல்வேன்: அந்தப் பட்டம் ஆசானோடு நின்றது, அவர் பெயரால் மார்தட்டிய சிஷ்யர்களில் எத்தனையோ பேர் அந்தச் சாதியில் பிறக்காதவர்கள். பிறப்பால் வராத ஒரு பெயரைத் தன்னுடையதென்று சொல்லிக்கொள்ளும் பாக்கியம் மேல்நாட்டு ஜோன்ஸுக்கும் ஸ்மித்துக்கும் கிட்டாதது.

இனி, செய்யத்தக்கதைச் சொல்கிறேன். சர்க்காரும் சம்மேளனங்களும் படிவத்தை மாற்றட்டும். சொந்தப் பெயர், இனிஷியல் என்ற இரண்டு கட்டங்கள் போதும், சதுரங்கத்தில் இது நடைமுறையில் இருப்பதைக் கண்டோம். அது நாளாகும். ஆனால் தமிழ்ப் பத்திரிகைகள் நாளைக் காலையிலேயே தொடங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஆங்கிலச் செய்தி ஸ்தாபனங்கள் அனுப்பும் தந்தியை அப்படியே மொழிபெயர்த்து, தந்தையின் பெயரால் மகனையும் மகளையும் அழைக்கும் அநாகரிகத்தை விட்டொழிக்கலாம். வி. தேவராஜன் 1994-இல் பாங்காக் உலகக் கோப்பைக் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றபோது அவர் நமக்குத் தேவராஜனாகவே இருந்தார். இன்று அவர் வென்றிருந்தால், அயல்நாட்டுத் தந்தியைப் பார்த்து 'வெங்கடேசன் அபாரம்' என்று தலைப்பிட்டிருப்போம்.

அதோடு, தெருப் போட்டியாயினும் மாவட்டப் போட்டியாயினும், முடிவுகளை அச்சிடும்போது வென்றவர் பெயருக்குப் பக்கத்தில் கற்பித்தவர் பெயரையும் அச்சிடவேண்டும். எந்தப் பரம்பரை, எந்த மன்றம், எந்த வாத்தியார் என்று வட சென்னையின் ஜனங்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். அவன் அப்பா பெயரென்ன என்பதைப் பெண் கொடுக்கும்போதுதான் கேட்பார்கள். இடம் போதாதென்று உதவியாசிரியர்கள் சொல்வார்கள். கிரிக்கெட் வீரர் ஒருவர் விமான நிலையத்தில் அணிந்திருந்த கண்ணாடியைப் பற்றி நான்கு பத்தி எழுதுகிற பக்கத்தில், எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, மணல் மூட்டைக்குத் தன் சொந்தக் காசில் கயிறு வாங்கிக் கட்டும் மனிதரின் பெயருக்கு ஒரு வரி இடம் தேறாதென்றால், தேறாதது இடமல்ல.